எழுத்தும் தலையெழுத்தும்

தலையெழுத்து என்ற சொல்லை நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று யாராவது கணக்கெடுத்தால் வேடிக்கையாக இருக்கும். பால் திரிந்து போனால் தலையெழுத்து. பஸ் தவறிப் போனால் தலையெழுத்து. மருமகள் எதிர்த்துப் பேசினால் மாமியாரின் தலையெழுத்து. மாமியார் அதட்டினால் மருமகளின் தலையெழுத்து. படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும், படிக்காத பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாலும் அதே சொல்தான். இவ்வளவு பாரத்தைச் சுமக்கிற சொல் தமிழில் வேறு உண்டா என்பது சந்தேகம்.

இந்தச் சொல்லுக்கு ஆதாரமும் காட்டுவார்கள். மண்டை ஓட்டின் மேல் நெளிநெளியாகச் சில கோடுகள் இருக்கும். அவைதாம் பிரமன் எழுதிய எழுத்து என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவை தனித்தனி எலும்புகள் வளர்ந்து ஒன்றோடொன்று கூடிய பொருத்துவாய்கள் என்பது உடற்கூறு படித்தவர்களுக்குத் தெரியும். பிறந்த குழந்தையின் உச்சந்தலை மெத்தென்று இருப்பது அந்தக் கூடல் இன்னும் முடியவில்லை என்பதால்தான். ஆனால் அந்தக் கோடுகள் எந்த மொழியில் எழுதப்பட்டவை, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. படிக்க முடியாத எழுத்துக்குத்தான் எப்போதும் பயம் அதிகம்.

எழுத்து என்பது மனிதன் செய்துகொண்ட ஒரு கருவி. அந்தக் கருவிக்குள் அவனுடைய விதி ஒளிந்திருக்க முடியுமா? ஒளிந்திருக்கிறது என்று நம்புவதால் நன்மை உண்டா, தீமை உண்டா? இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டிலும் இதே மயக்கம் உண்டு. அங்கே அது ஒரு சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

டாரட் என்ற சீட்டுக் கட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது நம் பட்டணங்களிலும் அதை விரித்து வைத்துக்கொண்டு பலன் சொல்கிறார்கள். மொத்தம் 78 சீட்டுகள். அவற்றில் 22 சீட்டுகள் சிறப்பானவை: மந்திரவாதி, அரசி, தேர், சந்திரன், மரணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சித்திரம். 17-ஆம் சீட்டுக்கு ‘நட்சத்திரம்’ என்று பெயர். ஒரு பெண் நீர்க்கரையில் மண்டியிட்டு இரண்டு குடங்களிலிருந்து தண்ணீர் வார்க்கிறாள். மேலே ஒரு பெரிய நட்சத்திரம்; அதைச் சுற்றி ஏழு சிறிய நட்சத்திரங்கள். நல்ல சித்திரம்தான். பார்த்தவுடன் மனத்தில் ஒரு குளிர்ச்சி தோன்றும்.

இந்தச் சீட்டைப் பற்றி நிபுணர்களைக் கேட்டால் ஒரு நீண்ட விளக்கம் சொல்வார்கள். தண்ணீர்க் குடம் இருப்பதால் இது கும்ப ராசிக்கு உரியது. எபிரேய மொழியின் எழுத்துகளுள் ‘ஸாதே’ என்னும் எழுத்துக்கு உரியது. அந்த எழுத்தின் பொருள் தூண்டில் முள். ஆகவே தியானம் என்னும் தூண்டிலால் மனத்தின் ஆழத்தில் உள்ளதைப் பிடித்து இழுப்பது இந்தச் சீட்டின் இரகசியம் என்பார்கள். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. எகிப்திலும் பாபிலோனிலும் பிறந்த பழைய ஞானம் போலத் தோன்றுகிறது.

ஆனால் சரித்திரம் வேறு மாதிரிச் சொல்கிறது. இந்தச் சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிரபுக்களின் பொழுதுபோக்குக்காகப் பிறந்தவை. துருப்புப் போட்டு வெட்டி ஆடும் ஒரு சாதாரணச் சீட்டாட்டம். பிரான்சில் இன்றும் வீடுகளில் ஆடுகிறார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சீட்டுகளை எபிரேய எழுத்துகளோடு யாரும் முடிச்சுப் போடவில்லை. 1781-ஆம் ஆண்டில்தான் பாரிஸ் நகரில் கூர் த ஜெபலன் என்ற அறிஞர், இவை எகிப்தியப் பூசாரிகள் மறைத்து வைத்த ஞான நூல் என்று எழுதினார். எகிப்தின் சித்திர எழுத்தை ஷம்போலியன் படித்துக் காட்டியது 1822-இல். அதாவது, படிக்கவே தெரியாத ஒரு மொழியின் பெயரால் அந்த ஞானம் அறிவிக்கப்பட்டது! அதே நூலில் இன்னொரு பிரபு, சிறப்புச் சீட்டுகளும் 22, எபிரேய எழுத்துகளும் 22 என்று சுட்டிக் காட்டினார். இரண்டு எண்ணிக்கைகள் ஒத்துப் போனதில் முளைத்த விதை அது.

விதையை வளர்த்தவர் எலிபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர். 1850-களில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எழுத்தை வரிசையாகக் கொடுத்தார். அவர் கணக்கில் ‘நட்சத்திரம்’ என்ற சீட்டுக்குக் கிடைத்த எழுத்து ‘பே’. அதன் பொருள் வாய். 1888-இல் லண்டனில் தோன்றிய ‘பொன் விடியல்’ என்ற இரகசியச் சங்கத்தார்க்கு இந்த வரிசை ஒத்துவரவில்லை. எபிரேயத்தில் ‘சேபெர் யெட்சிரா’ என்று ஒரு பழைய நூல் இருக்கிறது. அது 22 எழுத்துகளை மூன்று, ஏழு, பன்னிரண்டு என்று பிரித்து, ஏழைக் கிரகங்களுக்கும் பன்னிரண்டை ராசிகளுக்கும் கொடுக்கிறது. சீட்டையும் அதனோடு பொருத்த வேண்டுமே! எண்ணில்லாத விதூஷகன் சீட்டை முதலில் கொண்டு வைத்தார்கள். 8-ஆம் சீட்டையும் 11-ஆம் சீட்டையும் இடம் மாற்றினார்கள். எல்லாம் ஓரிடம் நகர, ‘நட்சத்திரம்’ கும்ப ராசிக்கும் ‘ஸாதே’க்கும் வந்து சேர்ந்தது. பிறகு அதே சங்கத்தில் பயின்ற அலிஸ்டர் குரோலி, ‘ஸாதே’ இந்தச் சீட்டுக்கு உரியதன்று என்று அடித்துச் சொல்லி ‘ஹே’ என்ற எழுத்தைக் கொடுத்தார். அதன் பொருள் சாளரம்.

ஆக, ஒரே பெண், ஒரே குடம், ஒரே நட்சத்திரம். நூறு ஆண்டுகளுக்குள் அவளுக்கு மூன்று எழுத்துகள்: வாய், தூண்டில், சாளரம். மூன்று ஆசான்களும் தங்கள் எழுத்துதான் ஆதியிலிருந்து உள்ளது என்றார்கள். அந்தப் பெண் மட்டும் எதுவும் சொல்லாமல் தண்ணீர் வார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இது மேல்நாட்டுக் கூத்து, நமக்கு என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நமக்கும் உறவு உண்டு. நம் ஊர்களில் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் அதிர்ஷ்டத்தை வரவழைக்க முயல்கிறவர்கள் எத்தனை பேர்! குமாருக்கு ஒரு ‘ஏ’ அதிகம்; கடைப் பலகையில் இரண்டு ‘எஸ்’. இந்த எண்கணிதத்தில் ஆங்கில எழுத்துகளுக்குக் கொடுக்கிற எண்கள் கீரோ என்ற அயர்லாந்துக்காரர் பரப்பியவை. ‘எம்’ என்றால் 4, ‘என்’ என்றால் 5, ‘பி’ என்றால் 8. ஏன் அப்படி? எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும் ஆகும். ‘மேம்’ 40, ‘நூன்’ 50, ‘பே’ 80. பூஜ்யத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். லெவி அந்த நட்சத்திரப் பெண்ணுக்குக் கொடுத்த ‘பே’தான், நம் ஊர்ப் பெயர்ப் பலகையில் ‘பி’ என்னும் எழுத்தாக வந்து எட்டு என்ற எண்ணைச் சுமந்துகொண்டு நிற்கிறது. வியாபாரம் பெருக வேண்டும் என்று பெயரை மாற்றிக்கொள்கிற ஒரு தமிழர், தமக்குத் தெரியாமலே யூதர்களின் நெடுங்கணக்கைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நம்முடைய சொந்தச் சரக்கும் இல்லாமல் இல்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது நட்சத்திர எழுத்துப் பார்க்கிறோம். 27 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதங்கள், மொத்தம் 108 பாதங்களுக்கு 108 ஒலிகள். கார்த்திகைக்கு அ, இ, உ, எ. திருவாதிரையின் நான்கு எழுத்துகளில் ஒன்று ‘ங’. ‘ங’வில் தொடங்கும் பெயர் எது? அஸ்தத்துக்கு ஒரு ‘ண’ இருக்கிறது. ‘ண’ சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் கண்ட இலக்கணம். அந்த நேரத்தில் பிறந்த தமிழ்க் குழந்தை என்ன செய்யும்? இந்தப் பட்டியல் வேறொரு மொழியின் ஒலிகளை வைத்துச் செய்யப்பட்டது என்பதுதான் காரணம். அந்த மொழியில் ‘க’ என்பது நான்கு வகை. ஆகவே கமலாவின் ‘க’ மிருகசீரிடத்துக்குப் போகும். கணேசனின் ‘க’ அவிட்டத்துக்குப் போகும். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே ‘க’. தமிழுக்குச் சிறப்பான ‘ழ’வுக்கோ, அந்த 108 பாதங்களில் ஒரு மூலைகூட இல்லை. வானத்தில் நமக்கு இடமில்லை என்று இதற்கு அர்த்தமா? வானம் பட்டியல் போடவில்லை. மனிதர்கள் போட்டார்கள் என்பதுதான் அர்த்தம்.

தமிழ்ப் புலவர்களும் இந்த விளையாட்டை விட்டுவைக்கவில்லை. வெண்பாப் பாட்டியல் முதலான நூல்கள், ஒரு தலைவனைப் பாடும் நூலின் முதற்சொல்லுக்குப் பத்துவகைப் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன. நட்சத்திரப் பொருத்தமும் அதில் ஒன்று. அ, இ, உ, எ, க, ச முதலியவை அமுத எழுத்துகள். யா, யோ, ரா, ரோ முதலியவை நச்சு எழுத்துகள். ராமன் என்று தொடங்கினால் நஞ்சு. அதையே இலக்கணப்படி இராமன் என்று எழுதிவிட்டால், முதல் எழுத்து ‘இ’ ஆகி அமுதமாகிவிடுகிறது! ஆளும் அவனே, பெயரும் அதுவே. ஒரு சின்ன எழுத்தை முன்னால் போட்டவுடன் நஞ்சு இறங்கிவிட்டது என்றால், அந்த நஞ்சு எங்கே இருந்தது?

வேடிக்கை இத்துடன் நிற்கவில்லை. எழுத்துகளுக்கு வருணமும் வகுத்தார்கள். உயிர் பன்னிரண்டும், மெய்யில் முதல் ஆறும் அந்தணர்க்கு. அடுத்த ஆறு அரசர்க்கு. ல, வ, ற, ன வணிகர்க்கு. மீதியுள்ள ழ, ள இரண்டும் நாலாம் வருணத்துக்கு. எந்த எழுத்தைச் சொல்லித் தமிழின் தனிச் சிறப்பு என்று நாம் பெருமைப்படுகிறோமோ, அந்த ‘ழ’கரத்தைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தெருவில் எந்த வரிசை இருந்ததோ அந்த வரிசைதான் நெடுங்கணக்கின் மேல் ஏறியது. பிறகு, நெடுங்கணக்கிலேயே இந்த வரிசை இருக்கிறதே என்று தெருவுக்குச் சாட்சி சொல்லவும் அதையே அழைக்கலாம். நாம் எழுதி வைத்ததை நாமே மேலே பார்த்துப் படித்து, ‘அங்கே எழுதியிருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளும் இந்த வித்தைதான் ஆபத்தானது.

நந்திக் கலம்பகத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மனின் மேல், அவனுக்குத் தாயாதியான தம்பி ஒருவன் அறம் வைத்துப் பாடினானாம். நச்சு எழுத்து அமைந்த பாட்டு என்று தெரிந்தும், தமிழின் சுவைக்காக முழுவதும் கேட்டு அரசன் உயிர் விட்டானாம். கேட்க உருக்கமான கதை. ஆனால் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அரியணைக்கு ஆசைப்பட்டவன் ஒரு மனிதன். அண்ணன் சாக வேண்டும் என்று நினைத்தவன் ஒரு மனிதன். கொலைப்பழியைச் சுமந்தது மட்டும் எழுத்து!

இப்படிச் சொல்வதால், எழுத்துக்குக் குறியீட்டுப் பொருள் கொள்வதே பேதைமை என்று நான் வாதாட வரவில்லை. நமசிவாய என்ற ஐந்தெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ந’ மறைப்பு, ‘ம’ மலம், ‘சி’ சிவம், ‘வ’ அருள், ‘ய’ உயிர் என்று சைவ சித்தாந்தம் கூறும். ஐந்தும் மண், நீர், தீ, காற்று, வான் என்னும் ஐந்து பூதங்கள் என்று கொள்வோரும் உண்டு. இரண்டு பொருளும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. ‘அ’ தமிழ்க் கணக்கில் எட்டு, ‘உ’ இரண்டு. எட்டும் இரண்டும் தெரியாதவர்கள் என்று திருமூலர் நம்மைக் கேலி செய்வதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. எபிரேயத்தில் ‘உயிர்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். அதனால் யூதர்கள் நல்ல காரியங்களுக்கு 18, 36 என்று அதன் மடங்குகளில் அன்பளிப்புத் தருவார்கள். விவிலியத்தின் 119-ஆம் சங்கீதம் 22 பகுதிகளாக, எபிரேய எழுத்து வரிசையிலேயே நடக்கிறது. நம் ஔவையும் ஆத்திசூடியை அப்படித்தான் அகர வரிசையில் நடத்தினாள். இங்கெல்லாம் எழுத்து ஒரு விளக்கு. மனத்தைக் குவிக்க, நினைவில் நிறுத்த, நன்றி சொல்ல அது உதவுகிறது. ஒருவர் அறையில் அகல் விளக்கும் இன்னொருவர் அறையில் குத்துவிளக்கும் எரிவதில் என்ன முரண்பாடு?

விளக்கை நீதிபதியாக்கும்போதுதான் முரண்பாடு வருகிறது. இந்தப் பெண்ணுக்கு இந்த வரன் ஆகாது, இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டால், வாயா, தூண்டிலா, சாளரமா என்ற கேள்விக்கு விடை கண்டே தீர வேண்டும். தியானத்துக்கு மூன்றும் சரியாக இருக்கலாம். தீர்ப்புக்கு மூன்றும் சரியாக இருக்க முடியாது.

நம் ஊர்க் கிளி ஜோசியமும் டாரட்டுக்கு நெருங்கிய உறவினர்தான். கூண்டுக் கதவு திறக்கிறது. கிளி தத்தி வந்து சீட்டுகளைத் தள்ளித் தள்ளி ஒன்றை எடுக்கிறது. ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு கூண்டுக்குள் போய்விடுகிறது. சீட்டுகள் வழக்கமாக 27, நட்சத்திரக் கணக்கு. முருகனும் வருவார், மகாலட்சுமியும் வருவாள், புத்தரும் மாதாவும்கூட வருவார்கள். 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் சமயத்தில், கடலூரில் ஒரு கிளி ஒரு வேட்பாளருக்கு வெற்றிச் சீட்டை எடுத்துக் கொடுத்தது. வன உயிரினங்களைக் காக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம். வனத்துறையினர் வந்து கிளிகளைக் கொண்டு போய்விட்டார்கள். வேட்பாளரும் தேர்தலில் வெற்றி பெறவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை. ஆனாலும் அந்த ஜோசியர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் துக்கத்தோடு வருகிறார்கள். “தை பிறந்தால் நல்லது நடக்கும் தாயீ” என்ற ஒரு வார்த்தை அவர்களுக்கு மருந்தாக இருக்கிறது. மருந்துக்கு விலை சில ரூபாய்கள்.

எனக்குக் கவலை தருகிற இடம் வேறு. விருதுநகரிலிருந்து தெற்கே சாத்தூர் போகும் நெடுஞ்சாலையில் சூலக்கரை என்று ஓர் ஊர் இருக்கிறது. கரிசல் மண், வானம் பார்த்த நிலம். ஊரின் பெயரில் சூலம் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தினக் காலண்டரின் நினைவு வரும். ‘சூலம்: மேற்கு, பரிகாரம்: வெல்லம்’ என்று தாளின் அடியில் அச்சிட்டிருப்பார்களே, அந்தச் சூலம். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மேற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் ஆகாது. சூலக்கரைக்கு மேற்கே, சற்றுத் தெற்கு ஒட்டி இருப்பது சிவகாசி. தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் மிகப் பெரும்பகுதியை அச்சிடுகிற ஊர் அது. ஆடிப் பதினெட்டன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டின் மாதிரிக் காலண்டர்களை வெளியிடுவது அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில், மேற்கே போகாதே என்ற எச்சரிக்கையை அச்சிடுவதற்காக, எத்தனையோ பேர் மேற்கே போகிறார்கள்! வெல்லம் தின்றுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. வயிற்றுக்குச் சூலம் பார்க்கத் தெரியாது என்பது மட்டும் தெரியும்.

அச்சகம் அந்த ஊருக்கு வந்ததும் தீயால்தான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை இல்லாத பூமிக்கு அது பிழைக்க ஒரு வழி காட்டியது. தீப்பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வளர்ந்தது. தீப்பெட்டியின் பக்கத்தில் பட்டாசு வளர்ந்தது. ஆகவே ராகு காலம் அச்சாகும் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வெடிமருந்தும் இருக்கிறது.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று புதன்கிழமை. புதனன்று ராகு காலம் 12 மணியிலிருந்து ஒன்றரை மணி வரை. வெடி நேர்ந்ததும் நண்பகலை ஒட்டித்தான். “பார்த்தீர்களா!” என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இது: அதே புதன், அதே ராகு காலம், அந்த வட்டாரத்தின் மற்ற நூற்றுக்கணக்கான ஆலைகளிலும் வந்தது. அங்கெல்லாம் மக்கள் தூக்குச்சட்டியைத் திறந்து சோறு தின்றார்கள்; மாலையில் வீடு திரும்பினார்கள். ராகு எல்லா ஆலைக்கும் பொது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், எந்த மருந்தை எதனோடு கலக்கக் கூடாது என்பவை ஆலைக்கு ஆலை வேறுபடுகிற விஷயங்கள். பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

தமிழில் ஓர் அதிசயம் உண்டு. ஊழையும் விதி என்கிறோம். சட்டத்தின் கட்டளையையும் விதி என்கிறோம். வெடிபொருள் விதிகள் என்று 2008-இல் அரசு வெளியிட்ட விதிகள் அச்சுப் புத்தகமாக இருக்கின்றன. தமிழ் படித்தவர்க்கும் ஆங்கிலம் படித்தவர்க்கும் விளங்குகிற விதி அது. மீறினவர் யார் என்று கேட்க முடிகிற விதி. மற்ற விதி மண்டை ஓட்டில் இருக்கிறது. யாராலும் படிக்க முடியாது. ஆகவே யாரையும் கேட்கவும் முடியாது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் “விதி முடிந்துவிட்டது” என்று நாம் பெருமூச்சு விடும்போது, எந்த விதியைச் சொல்கிறோம்? அந்தப் பெருமூச்சைத் தாயோ மனைவியோ விட்டால் அது அவர்களுடைய ஆறுதல். அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. பொறுப்பில் இருப்பவர் அதையே சொன்னால் அது தப்பிக்கும் வழி. ஒரே சொல்தான். சொல்கிற வாயைப் பொறுத்து ஒன்று கண்ணீராகிறது, மற்றொன்று பொய்யாகிறது.

விருதுநகர்ப் பக்கத்து வியாபாரி ஒருவரோடு ஒருமுறை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பஞ்சாங்கம் பார்க்காமல் எதுவும் செய்யாதவர், வயதில் மூத்தவர்.

“அண்ணாச்சி, நல்ல நேரம் பார்த்துக் கடை திறப்பதால் லாபம் வருகிறதா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “கடையத் தொறக்கத்தான் தம்பி நல்ல நேரம் பாக்கேன். தராசப் பாக்க எல்லா நேரமும் நல்ல நேரந்தான்” என்றார்.

இதற்கு மேல் ஒரு தத்துவ நூல் என்ன சொல்லிவிடப் போகிறது? நேரம் பார்ப்பது அவருடைய மன நிம்மதிக்கு. தராசு பார்ப்பது எதிரே நிற்கும் மனிதனுக்கு அவர் செலுத்த வேண்டிய கடன். முதலாவதை அவர் இரண்டாவதற்கு ஈடாக்கவில்லை.

கதை எழுதுகிறவனுக்கும் இந்தக் கடன் உண்டு. நாவலாசிரியன் ஒருவகையில் தன் பாத்திரங்களுக்குத் தலையெழுத்து எழுதுகிற சின்னப் பிரமன்தானே! “அந்தப் பெண்ணை ஏன் சாகடித்தீர்கள்?” என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். “அவள் தலையெழுத்து” என்று நான் பதில் எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? காரணம் கேட்பீர்கள், யார் செய்த கொடுமை, எந்தச் சந்தர்ப்பம் என்று கேட்பீர்கள். கற்பனைப் பெண் ஒருத்திக்காக இவ்வளவு கறாராகக் காரணம் கேட்கிற நாம், உயிரோடு இருந்தவர்களின் சாவுக்கு ‘விதி’ என்ற இரண்டெழுத்தில் திருப்தியடைந்துவிடுவது எப்படி?

சிவகாசி வட்டாரத்தில் ஒரு காலத்தில் விடியும் முன்பே வேன்கள் கிராமம் கிராமமாக வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். ஏழை வீட்டுப் பிள்ளைகளின் தலையெழுத்து என்று ஊர் பேசாமல் இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும்; குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். சிக்கல்கள் அன்றோடு தீர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருடைய தலையிலோ பிரமன் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒன்று, காகிதத்தில் மனிதர்கள் எழுதிய ஒன்றால் மாறத் தொடங்கியது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அன்று. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம், நம் எழுத்து இவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிடவில்லை. 1889-இல் விருதுப்பட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் இடும் அரிசியில் ஒவ்வொரு பிடியை எடுத்து வைத்தார்கள். பிடி அரிசியில் நடந்த அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் காமராஜ் என்ற சிறுவனும் சில ஆண்டுகள் படித்தான். படிப்பைத் தொடர முடியாமல் நின்றுவிட்ட அந்தச் சிறுவன் 1954-இல் முதலமைச்சரானபோது, ஏழைக் குழந்தைகளுக்குப் படிப்பு எழுதியிருக்கவில்லை என்று சொல்லவில்லை. மூடிய பள்ளிகளைத் திறந்தார். பள்ளியிலேயே மத்தியானச் சோறும் போட்டார்.

குழந்தையை மடியில் வைத்து, அதன் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ என்று எழுத வைக்கிறோம். பட்டியலைப் பார்த்தால் ‘அ’ கார்த்திகை முதல் பாதத்துக்கு உரிய எழுத்து. மற்ற நட்சத்திரக் குழந்தைகளுக்கு உரியது அன்று. ஆனால் எந்தத் தாயும் அந்த நேரத்தில் அதைக் கேட்பதில்லை. பரணியில் பிறந்த பிள்ளையும் மூலத்தில் பிறந்த பெண்ணும் அதே ‘அ’வில்தான் தொடங்குகிறார்கள். கேட்காத அந்தத் தாய்க்கு எழுத்து எதற்காக இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.